மலைக்குப் போகிறீர்களா? பெட்டி கட்டும் முன் ஒரு வார்த்தை!

பரீட்சை முடியப் போகிறது என்றால் போதும், எல்லார் வீட்டிலும் ஒரே பேச்சுத்தான். "இந்த லீவுக்கு எங்கேம்மா போறோம்?" என்று குழந்தைகள் ஆரம்பிப்பார்கள். "ஊட்டிக்குப் போனால் என்ன?" என்று வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான், அவர் வேலை முடிந்தது! யாருக்கு என்ன துணி, யாருக்கு என்ன மாத்திரை, பால்காரரிடம் என்ன சொல்வது, துளசிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று மண்டையைப் போட்டு உடைத்துக் கொள்வது நாம்தான். சரிதானே சகோதரிகளே?

நான் இரண்டு முறை குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனேன். முதல் முறை கண்ணீரோடு இறங்கி வந்தேன். இரண்டாம் முறை மனசு நிறைந்து வந்தேன். இரண்டு முறையும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான், மலையும் அதே மலைதான். வித்தியாசம் எதில் என்று யோசித்துப் பார்த்தேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

பட்டால்தான் தெரிகிறது

அப்போது பெரியவளுக்கு ஏழு வயசு, சின்னவனுக்கு மூன்று. நல்ல மே மாதம். இவர் ஒரு வெள்ளைத் தாளில் எட்டு இடங்களை வரிசையாக எழுதி, "இரண்டே நாளில் எல்லாத்தையும் பார்த்துடலாம்" என்றார். திருச்சியிலிருந்து கோயம்புத்தூருக்கு ராத்திரி பஸ். விடிந்ததும் விடியாததுமாக அங்கிருந்து மலைப் பஸ். பையனுக்கு லேசாக மூக்கு ஒழுகிக் கொண்டிருந்தது. "மலைக்காத்து பட்டால் சரியாப் போயிடும்" என்று யாரோ சொல்ல, நானும் நம்பினேன்.

காலையில் பசிக்குமே என்று குழந்தைகளுக்கு வயிறு முட்டப் பூரி கிழங்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். வளைவுகள் ஆரம்பித்ததுதான் தாமதம், இரண்டும் மாற்றி மாற்றி வாந்தி. மாற்றுத் துணியோ பஸ் மேலே பெட்டிக்குள்! தங்கிய இடத்துக்கு ரோட்டிலிருந்து நாற்பது படி கீழே இறங்க வேண்டும். கம்பளியெல்லாம் ஈர வாடை. மறுநாள் சீசன் கூட்டத்தில் ஏரிக்குப் பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் வண்டி நகரவில்லை. ஏரியைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. எட்டு இடங்களில் மூன்றைப் பார்த்தோம். நான் பார்த்தது பெரும்பாலும் குளியலறைக் குழாயும் வாந்தித் துணியும்தான்.

இறங்கும்போது பையன் காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழ ஆரம்பித்தான். கீழே வரும்வரை அழுகை நிற்கவில்லை. ஊருக்கு வந்து டாக்டரிடம் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. மூக்கின் பின்பக்கத்தையும் காதின் உட்புறத்தையும் இணைக்கிற மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறதாம். ஜலதோஷம் பிடித்திருந்தால் அது அடைத்துக் கொள்ளும். மலையிலிருந்து இறங்க இறங்க வெளியே காற்றின் அழுத்தம் கூடும். அதற்குச் சமமாக உள்ளே காற்றுப் போக வழி இல்லாமல் செவிப்பறை உள்பக்கமாக இழுபடும். பெரியவர்களுக்கே சுரீர் என்று வலிக்கும். மூன்று வயசுக் குழந்தை என்ன செய்யும்? "மூக்கு ஒழுகுகிற குழந்தையை ஏம்மா மலைக்குக் கூட்டிப் போனீங்க?" என்று டாக்டர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

அத்தையின் ஆசை

அதன் பிறகு பல வருடம் எங்கள் வீட்டில் ஊட்டி என்ற பேச்சே எழவில்லை. ஒருநாள் டி.வி.யில் மலை ரயிலைக் காட்டினார்கள். வெற்றிலையைக் கையில் வைத்தபடி அப்படியே பார்த்துக் கொண்டிருந்தார் என் மாமியார். "இந்த ரயிலில் கூட்டிட்டுப் போறேன்னு உங்க மாமா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ரிட்டையர் ஆகட்டும், ரிட்டையர் ஆகட்டும்னு..." என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக் கொண்டார். மாமா ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போதே காலமாகிவிட்டார். அத்தை தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இதையும் அவர் கேட்கவில்லை. ஆனால் என் காதில் விழுந்துவிட்டது.

அத்தைக்கு அப்போது எழுபத்திரண்டு வயசு. ரத்த அழுத்தம் உண்டு, முழங்கால் வலி உண்டு. "இந்த வயசில் மலைக்கா?" என்று இவரே தயங்கினார். "உங்க எட்டு இடத் தாளை வைத்துப் போனால் முடியாதுங்க. அத்தையை வைத்துத் திட்டம் போட்டால் முடியும்" என்றேன். அன்றைக்கு வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். அதுதான் இந்தக் கட்டுரையின் சாரமும்கூட. கூட வருகிறவர்களில் யாருக்கு உடம்பில் தெம்பு குறைவோ, அவருக்காகத் திட்டம் போடுங்கள். மற்றவர்கள் அதில் தானாக அடங்கிவிடுவார்கள்.

ஆளுக்கு ஒன்று

இடங்களின் பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு, வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து, "ஆளுக்கு ஒரே ஒரு ஆசை சொல்லுங்கள்" என்றேன். அத்தைக்கு ரயில். மகளுக்குப் படகு. மகனுக்குத் தொட்டபெட்டா, நீலகிரியிலேயே உயரமான அந்தச் சிகரம் 2,637 மீட்டர். இவருக்குத் தேயிலைத் தோட்டம். என் முறை வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "தாவரவியல் பூங்காவில் ஒரு மணி நேரம் உட்காரணும். அந்த ஒரு மணி நேரம் 'அம்மா, என் சாக்ஸ் எங்கே?'ன்னு யாரும் என்னைக் கேட்கக் கூடாது" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் விட்டுக் கொடுக்கவில்லை. தாளில் எழுத வைத்தேன்.

ஐந்து ஆசை, மூன்று நாள். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. சகோதரிகளே, உங்கள் ஆசையையும் அந்தத் தாளில் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் யாரும் ஞாபகம் வைத்துக் கொள்ள மாட்டார்கள்.

எப்போது போகலாம்?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும் என்பது கணக்கு. கீழே மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக் கொட்டும்போது மேலே ஸ்வெட்டர் தேடுவது இதனால்தான்.

ஏப்ரல், மே முதல் சீசன். மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும், கண்ணுக்கு விருந்துதான். ஆனால் கூட்டம் தாங்காது. கைக்குழந்தைக்காரர்களும் வயசானவர்களும் தவிர்ப்பது நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையும் காற்றும். செப்டம்பர், அக்டோபரை இரண்டாம் சீசன் என்பார்கள். கூட்டம் மட்டு, பூக்களும் இருக்கும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பலமாகப் பெய்யும். மண் சரிவு பயம் உண்டு. டிசம்பர் கடைசி, ஜனவரியில் உறைபனி. விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளைப் போர்வை போர்த்தியதுபோல் இருக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அந்தக் குளிர் வேண்டாம். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இல்லாத வீட்டார் பிப்ரவரி, மார்ச்சில் போகலாம்.

எங்களுக்குப் பள்ளி விடுமுறையும் வேண்டும், அத்தைக்குக் கடுங்குளிரும் கூடாது. அதனால் காலாண்டுப் பரீட்சை லீவைத் தேர்ந்தெடுத்தோம்.

எப்படி ஏறுவது?

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று அளவும் வைத்தார்கள். கிளம்புகிற வாரத்தில் நடப்பு விதி என்ன என்று விசாரித்துப் பாஸ் எடுத்துக் கொள்ளுங்கள். அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் இந்தத் தலைவலி இல்லை.

தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பை எல்லாவற்றுக்கும் நீலகிரியில் தடை. சோதனைச் சாவடியில் பிடுங்கி வைத்துவிட்டு அபராதமும் போடுவார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலும் துணிப்பையும் எடுத்துப் போங்கள். நம் பாட்டிமார் கூஜா கொண்டுபோன வழக்கம்தானே!

வழியில் கல்லாறு, பர்லியாறு பக்கம் குரங்குகள் அதிகம். குழந்தை கையில் பிஸ்கட்டைக் கொடுத்து ஜன்னலோரம் உட்கார வைக்காதீர்கள். யானை நின்றால் போட்டோ எடுக்க இறங்கவே கூடாது.

சரி, மலை ரயிலுக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் ஓட ஆரம்பித்த ரயில் இது. 1908-ல் ஊட்டியை எட்டியது. மொத்தம் 46 கிலோமீட்டர் தூரத்தில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது. இன்ஜினின் பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும்! மேலே போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. திறந்த அன்றே பார்க்க வேண்டும். ரயில் காலை ஏழு மணியை ஒட்டிக் கிளம்புவதால், தூர ஊர்க்காரர்கள் முதல் நாள் ராத்திரியே மேட்டுப்பாளையத்தில் தங்கிவிடுவது உத்தமம். ராத்திரி பஸ், காலையில் மலை என்ற பழைய தவறை நாங்கள் மறுபடி செய்யவில்லை.

தங்குமிடத்தில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

அறை "நன்றாக இருக்குமா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை. இப்படிக் கேளுங்கள்:

1. ரோட்டிலிருந்து அறைக்கு எத்தனை படி? ஏறணுமா, இறங்கணுமா? (மலை ஊரில் "தரைத்தளம்" என்ற சொல்லை நம்பக் கூடாது.)
2. வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வரும்?
3. மேல்நாட்டுக் கழிப்பறை இருக்கிறதா?
4. ஆளுக்கு எத்தனை கம்பளி? கூடுதலாகக் கேட்டால் கிடைக்குமா?
5. ராத்திரி அவசரம் என்றால் வண்டி கிடைக்குமா? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

இந்த ஐந்தையும் கேட்டதில் இரண்டு இடங்கள் தானாகவே கழன்றுகொண்டன. மூன்றாவது இடத்துக்காரர், "மூணு படிதாம்மா, பிடிச்சு ஏறக் கம்பியும் இருக்கு" என்றார். அங்கேயே முடித்துவிட்டேன்.

சமைக்க அடுப்பு உண்டா என்று நான் கேட்கவே இல்லை. முதல் முறை ஸ்டவ்வைக் கட்டி எடுத்துப் போய்ச் சோறாக்கினேன். ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பு வந்தாலும் சூடு போதாது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகவே வேகாது. லீவுக்கு வந்த இடத்தில் வேகாத பருப்போடு எதற்குப் போராட்டம்? இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், தேங்காய் சேர்க்காத சப்பாத்தி, கொஞ்சம் முறுக்கு. மற்றதற்கு ஓட்டல். நமக்கும் லீவு வேண்டாமா?

உடம்பைப் பார்த்துக் கொள்ள

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது அத்தையை அவருடைய டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "தாராளமாகப் போகலாம். மேட்டில் வேகமாக நடக்காதீங்க, மாத்திரையை விடாதீங்க" என்றார். உயரத்தில் காற்று கொஞ்சம் மெலிசு என்பதால் ஏற்றத்தில் சீக்கிரம் மூச்சு வாங்கும். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

ஜலதோஷம் பிடித்த குழந்தையை மலைக்கு அழைத்துப் போகாதீர்கள். தேதியைத் தள்ளிப் போடுங்கள். பணம் போனாலும் பரவாயில்லை. இது நான் பட்ட பாடம். நன்றாக இருக்கிற குழந்தைக்கும் இறங்கும்போது காது அடைக்கும். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே வாருங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குச் சப்ப மிட்டாய் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும்.

வாந்தி வருகிறவர்களை வண்டியின் முன்பக்கம் உட்கார வையுங்கள். தூரத்து மலையைப் பார்க்கட்டும். கையில் செல்போனோ புத்தகமோ வேண்டாம். கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது இரண்டு இட்லி போதும். எண்ணெய்ப் பலகாரம் கூடவே கூடாது. வெறும் வயிறும் ஆகாது. இஞ்சித் துண்டு சிலருக்குக் கேட்கும். குழந்தைக்கு வாந்தி மாத்திரை கொடுப்பதானால் டாக்டர் சொன்ன அளவில் மட்டும்.

குளிருக்குத் தடியான ஒரு கோட்டைவிட மெலிசான மூன்று சட்டைகள் மேல். நடுவே நிற்கிற காற்றுத்தான் கதகதப்பு. தலைக்குக் குல்லா, காலுக்குச் சாக்ஸ் மறக்காதீர்கள். குளிர்கிறதே என்று குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்கக் கூடாது. வெயில் உறைக்காவிட்டாலும் மலை வெயில் தோலைக் கருக்கிவிடும். தேங்காய் எண்ணெய் அங்கே கல்லாக உறைந்துபோகும், வாய் அகலமான டப்பாவில் எடுத்துப் போங்கள். ஷாம்பூ, லோஷன் பாட்டில்களைச் சரியாக மூடாவிட்டால் பெட்டிக்குள்ளேயே வழிந்துவிடும். மேலே போகப் போகச் சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காற்றழுத்தத்தைப் பற்றிப் பாடமே நடத்திவிடலாம்!

யூகலிப்டஸ் தைலம் வாங்காமல் யாரும் ஊட்டியை விட்டு வருவதில்லை. ஆனால் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உள்ளே போனால் விஷம். கைக்குழந்தையின் மூக்கருகே தடவவும் கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கவே தூங்காதீர்கள். அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிர் காய்ந்தபடி தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன செய்திகளைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் கேஸ் கீசரும் அப்படியே. கூடுதலாக ஒரு கம்பளி கேளுங்கள், வெந்நீர்ப் பையை வைத்துக் கொள்ளுங்கள். அதுவே போதும்.

கைப்பையில் இருக்க வேண்டியவை

பெட்டி எங்கே போனாலும் இந்தப் பை உங்கள் தோளில்தான் இருக்க வேண்டும்: பெரியவர்களின் மாத்திரைகள் (கூடுதலாக மூன்று நாளுக்கு), மருந்துச் சீட்டு, ஆஸ்துமாக்காரருக்கு இன்ஹேலர், காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி, குழந்தைக்கு ஒரு செட் மாற்றுத் துணி, வாந்திக்குக் காகிதப் பைகள், பழைய துண்டு, குல்லா, டார்ச், அடையாள அட்டை, சில்லறைப் பணம்.

வீட்டைப் பூட்டும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, குழாய்களைப் பார்த்து, பாலையும் பேப்பரையும் நிறுத்திவிட்டு, சாவியை நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுங்கள். "நாங்கள் ஊட்டியில் இருக்கிறோம்" என்று ஊர் முழுக்கப் படம் அனுப்புவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக் கொள்ளலாம்.

அத்தையின் ரயில்

இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். மேட்டுப்பாளையம் போய்த் தங்கினோம். அன்று சாயந்திரமே மழை பிடித்துக் கொண்டது. அந்த வருடம் மழை முன்கூட்டியே வந்துவிட்டது. ராத்திரி எட்டு மணிக்கு இவர் செல்போனைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கல்லாறுக்கு மேலே பாதையில் மண் சரிந்து கிடக்கிறதாம். காலை ரயில் கிடையாது.

அத்தையிடம் யார் சொல்வது? நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "சரி விடும்மா. எனக்குக் கொடுத்து வைக்கலை. பிள்ளைங்க ஊட்டியைப் பார்த்துட்டு வரட்டும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தேவலையே என்றிருந்தது எனக்கு.

ஆனால் ஒன்று. மழைக்காலத்தில் இப்படி நடப்பது உண்டு என்று தெரிந்ததால், தாளின் பின்பக்கத்தில் இன்னொரு திட்டமும் எழுதி வைத்திருந்தேன். மண் சரிவு பெரும்பாலும் கல்லாறு, குன்னூர் நடுவே உள்ள செங்குத்தான பகுதியில்தான். குன்னூரிலிருந்து ஊட்டிக்குத் தனியாக ரயில்கள் உண்டு. கீழ்ப்பாதை அடைத்தாலும் பெரும்பாலும் அவை ஓடும். ரோடு திறந்திருந்தால் பஸ்ஸில் குன்னூர் போய், அங்கே ரயில் பிடிக்கலாம். காலையில் முதல் வேலையாக விசாரித்தோம். ரோடு சரியாக இருந்தது.

அத்தைக்கு முன் ஸீட். மெதுவாகப் போகிற பஸ். வளைவுகளில் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். வாந்தி இல்லை, அழுகை இல்லை. குன்னூர் ஸ்டேஷனில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார் இவர். நீல நிறப் பெட்டியில் அத்தையை ஜன்னலோரம் உட்கார வைத்தோம்.

"புகையைக் காணோமே?" என்றார் அத்தை. இந்தப் பகுதியில் டீசல் இன்ஜின்தான் என்றேன். "அதுவும் நல்லதுதான். கண்ணில் கரி விழாது" என்று சமாதானம் சொல்லிக் கொண்டார்.

வெலிங்டன், அரவங்காடு, கேத்தி. கேத்தியில் பள்ளத்தாக்கு விரிந்தது. சரிவெல்லாம் படிப்படியாகக் காரட்டும் கோஸும். தூரத்தில் தீப்பெட்டி தீப்பெட்டியாக வீடுகள். மேகம் கீழே, ரயில் மேலே. பெட்டியில் பேச்சே இல்லை. அத்தை என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: "உங்க மாமா இருந்திருந்தா இந்நேரம் குறட்டை விட்டிருப்பாங்க. ரயிலில் ஏறினா அவங்களுக்கு அஞ்சு நிமிஷம் தாங்காது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணையும் துடைத்துக் கொண்டார். லவ்டேல் தாண்டும்வரை என் கையை விடவில்லை.

ஒரு மணி நேர ரயில்தான். முழு ஐந்து மணி நேரமும் கிடைத்திருந்தால் ஒருவேளை அவர் முழங்காலே தாங்கியிருக்காது. மழை செய்ததும் ஒரு நன்மைதான் என்று நினைத்துக் கொண்டேன்.

மகளுக்குப் படகு கிடைத்தது. ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டிய ஏரி அது என்று அவளே எங்களுக்குச் சொன்னாள். தொட்டபெட்டாவில் பனி மூட்டம். மகன் தொலைநோக்கி வழியாகப் பார்த்தது வெள்ளையைத்தான். "எல்லாத்தையும்விட உயரத்தில் நின்னேனே, அது போதும்" என்றான். இவருக்குத் தேயிலைத் தோட்டம் ஆயிற்று. தாவரவியல் பூங்கா 1848-ல் அமைத்தது, 22 ஹெக்டேர். அங்கே ஒரு பெஞ்சில் நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பிள்ளைகளை இவர் பார்த்துக் கொண்டார். நாற்பது நிமிடம் ஆனதும் இவர் வந்து, "சின்னவன் சாக்ஸ் எங்கே வெச்சே?" என்றார்! மகள்தான் தாளைக் காட்டித் திருப்பி அனுப்பினாள்.

சகோதரிகளே, மலை எங்கும் போய்விடாது. பார்க்காத இடம் இருந்தால் இன்னொரு முறை போகலாம். ஆனால் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு அந்த இன்னொரு முறை வாய்க்குமா, தெரியாது. கைக்குழந்தைகளின் இந்த வயசும் திரும்பி வராது. அதனால் அடுத்த லீவுக்கு "எத்தனை இடம்?" என்று கேட்காமல் "யார் யார் வருகிறோம்?" என்று ஆரம்பியுங்கள். தாளை எடுங்கள். ஆளுக்கு ஒரு ஆசையை எழுதுங்கள். பின்பக்கத்தில் மழை வந்தால் என்ன செய்வது என்றும் எழுதுங்கள்.

உங்கள் ஆசையையும் எழுத மறந்துவிடாதீர்கள். சந்தோஷமாகப் போய் வாருங்கள்!